சொல்லாததை வரையுங்கள்

குழந்தைகளுக்கான படப் புத்தகம் வரையக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதலில் ஒரே ஒரு வரிதான் கொடுப்பேன்: ‘பாட்டி தண்ணீர் இறைக்கக் கிணற்றடிக்குப் போனாள்.’ பால்வாடி டீச்சர், இளம் அம்மா, ஓவியக் கல்லூரி முடித்த பையன், யார் வரைந்தாலும் பாட்டி, கிணறு, கையில் வாளி, பின்னால் இரண்டு மலைகளுக்கு நடுவே சூரியன். கோட்டில் குறை இருக்காது. ஆனால் வரி சொன்னதையே படமும் இன்னொரு தடவை சொல்லும். “பாட்டிக்குத் தெரியாமல் ஆட்டுக்குட்டி ஒன்று பின்னாலேயே வந்து கயிற்றை மென்றுகொண்டிருந்தால்?” என்று கேட்பேன். உடனே எல்லோரும் ரப்பரைத் தேடுவார்கள்.

மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. யாரோ மடியில் வைத்து வாசிக்கிறார்கள். வாசிக்கிறவர் கண் எழுத்தில் இருக்கும்; பிள்ளையின் கண்ணோ படம் முழுக்க மேயும். காதுக்கு ஒரு கதை, கண்ணுக்கு இன்னொரு கதை என்று கொடுக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

இங்கிலாந்தின் பேட் ஹட்சின்ஸ் 1968இல் எழுதி வரைந்த ‘ரோஸீஸ் வாக்’ புத்தகத்தை இதற்காகவே திரும்பத் திரும்பக் காட்டுகிறேன். ரோஸி என்ற கோழி பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்புகிறது. மொத்தமே 32 சொற்கள். படத்திலோ ஒரு நரி முதலிலிருந்தே அதன் பின்னால் பதுங்கி வருகிறது. ஒரு பக்கத்தில் பாயும். பக்கத்தைத் திருப்பினால் எழுத்தே இல்லாமல் அதன் கதி மட்டும் தெரியும். குளத்தில் விழுகிறது, மாவில் முழுகுகிறது, கடைசியில் தேனீக்கள் துரத்த ஓடுகிறது. நரி என்று ஓர் இடத்தில்கூட எழுதியிருக்கவில்லை. வாசிக்கும் அம்மா சொல்லாத விஷயம் தனக்குத் தெரிந்துவிட்ட பூரிப்பில் பிள்ளை கத்தும். அந்தக் கத்தலுக்காகத்தான் நாம் வரைகிறோம்.

பாய்ச்சலையும் விழுவதையும் ஒரே பக்கத்தில் வரைந்திருந்தால் பாதிச் சிரிப்பு போயிருக்கும். பக்கம் திரும்பும் அந்த நொடியும் ஓவியரின் கையில்தான் இருக்கிறது. அதனால் வர்ணத்தைத் தொடும் முன் டம்மி செய்யச் சொல்கிறேன். 8 ஏ4 தாள்களை ஒன்றாக நடுவில் மடித்து ஸ்டேப்ளர் அடித்தால் 32 பக்கம். உலகெங்கும் படப் புத்தகங்கள் பெரும்பாலும் இந்த அளவுதான். அச்சகத்தில் பெரிய தாளில் 16 பக்கம் 16 பக்கமாக அச்சடித்து மடிப்பதற்கு வசதி. தலைப்பு, பதிப்பு விவரம் போக எதிரெதிர்ப் பக்கங்களாகச் சுமார் 14 காட்சிகள் கிடைக்கும். பென்சிலில் கட்டைவிரல் அளவு உருவங்கள் போதும். நடு மடிப்பில் முகத்தை வைக்காதீர்கள். பைண்டிங் ஆனதும் மூக்கு உள்ளே போய்விடும்.

படத்தின் அளவும் பேசும். மாரிஸ் செண்டாக்கின் ‘வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்’ (1963) புத்தகத்தில் முதல் படம் சின்னச் சட்டத்துக்குள் அடங்கியிருக்கிறது, சுற்றிலும் வெள்ளை. குறும்பு செய்து, சாப்பாடு இல்லாமல் படுக்கைக்கு அனுப்பப்படும் மேக்ஸின் அறையில் காடு முளைக்க முளைக்கப் படம் பெரிதாகிக்கொண்டே போகிறது. பூதங்களோடு அவன் கூத்தாடும்போது அடுத்தடுத்து மூன்று எதிரெதிர்ப் பக்க விரிப்புகள். தாள் முழுக்கப் படம், ஒரு சொல்கூட இல்லை. ஊர் திரும்பும்போது படம் மறுபடி சுருங்குகிறது. கடைசிப் பக்கத்தில் படமே கிடையாது. பையனின் கோபம் ஏறி இறங்குவதை வெறும் ஓரங்களை வைத்தே காட்டிவிட்டார். நம் ஊரில் வெள்ளை இடம் விட்டால் காகிதம் வீண் என்று நினைக்கிறவர்கள் நிறைய. அது வீணே அல்ல.

குழந்தையை வரைவதில் ஒரு கணக்கு உண்டு. பிறந்த சிசுவின் தலை உடல் நீளத்தில் நாலில் ஒரு பங்கு. பெரியவர்களுக்கு ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்கு. இதைக் கவனிக்காமல் வரைந்தால் குள்ளமான மாமா வந்து நிற்பார். அதைவிட முக்கியம், தரையில் உட்கார்ந்து வரைவது. தரையிலிருந்து பார்த்தால் சாப்பாட்டு மேஜையின் அடிப்பாகம் தெரியும். அம்மா என்றால் முதலில் புடவைக் கொசுவம், அதற்கு அப்புறம்தான் முகம். இணையத்தில் படம் தேட வேண்டாம். உங்கள் வீட்டு பிளாஸ்டிக் குடத்தை, ரேஷன் பையை, ஜன்னல் கம்பியில் காயும் ஜட்டியைப் பார்த்து வரையுங்கள். பிள்ளை அதை உடனே அடையாளம் கண்டு விரல் வைக்கும்.

வர்ணம் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். சென்னை தாரா புக்ஸ் வெளியிட்ட ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ எங்கே கிடைத்தாலும் தொட்டுப் பாருங்கள். பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம்சிங் ஊர்வேதி என்ற மூன்று கோண்டு ஓவியர்களின் மரங்கள், கறுப்புக் கைத்தாளில் கையாலேயே ஸ்கிரீன் பிரின்ட் செய்தவை. பெட்டி நிறைய வர்ணம் இருந்தால்தான் முடியும் என்ற எண்ணம் போய்விடும்.

டம்மி முடிந்ததும் எழுத்தை மறைத்து ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். நீங்கள் எதுவும் விளக்க வேண்டாம். எங்கே நிற்கிறது, எங்கே பழைய பக்கத்துக்குத் திரும்பிப் போகிறது என்று மட்டும் பாருங்கள். நிற்காமல் தாண்டிய பக்கத்தின் மூலையை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் முதலில் வரைய வேண்டிய பக்கம் அதுதான்.