சிங்கமலைச் சுரங்கமும் மானிப்புலத்தின் சுற்றெண்ணும்

அட்டனிலிருந்து கொட்டகலை நோக்கிச் செல்லும் புகைவண்டி சிங்கமலையின் உச்சிக்கு ஏறுவதில்லை. ஏறத்தாழ 560 மீற்றர் நீளமான சுரங்கத்தினுள் நுழைந்து மறுபுறம் வெளிப்படுகின்றது. இக்காட்சியை மனத்திற் கொண்டால், பௌதிகவியலார் இன்ஸ்டன்டன் என வழங்கும் தீர்வின் பாதிப்பொருள் விளங்கிவிடும். மற்றப் பாதி ஓர் எண்ணைப் பற்றியது. அதனையே முதற்கண் நோக்குவோம்.

தேயிலைத் தோட்டத்து நிழல்மரம் ஒன்றைக் கயிற்றினால் மூன்று முறை சுற்றி, முனைகள் இரண்டையும் ஒன்றாக முடிந்துவிடுகிறோம் எனக் கொள்வோம். கயிற்றைத் தளர்த்தலாம், நெகிழ்க்கலாம், மேலுங் கீழும் நகர்த்தலாம். மரத்தின் உச்சிவழியே கழற்றாதவரை சுற்று மூன்றே. இரண்டரைக்கு அங்கு இடமில்லை. உருவம் மாறினும் மாறாத இத்தகைய முழுவெண்ணை இடவியல் எண் என்பர். பௌதிகத்துக்கு இது புதியதன்று. ஒற்றைக் காந்தமுனை உளதாயின் அதன் வலிமை ஓர் அடிப்படை அளவின் முழுவெண் மடங்காகவே இருக்கும் என டிராக் 1931இல் காட்டினார். அவரிடம் பயின்று, பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கணிதப் பேராசிரியராக விளங்கிய சி. ஜே. எலியேசர், அத்தகைய முனையொன்றினால் ஐதரசன் போன்ற அணுவின் சக்திமட்டங்கள் எவ்வாறு மாறும் என்பதை 1962இல் ரோய் என்பவருடன் இணைந்து ஆராய்ந்தார்.

குவார்க்குகளைப் பிணைக்கும் மானிப்புலமும் (கேஜ் புலம்) இவ்வாறு சுற்றப்படக்கூடியது. சுற்றெண் 0, 1, 2 என வேறுபடும் அதன் வெற்றுநிலைகள், ஒரே தாழ்வுடைய பல பள்ளத்தாக்குகளை ஒப்பன. இடையில் சக்திமலைகள் நிற்கின்றன. பழைய பொறிமுறைப்படி மலையேறாமல் ஒரு பள்ளத்திலிருந்து மற்றதற்குச் செல்லல் இயலாது. குவாண்டம் பொறிமுறைப்படி ஊடுருவிச் செல்லலாம். உவமைக்கும் ஓர் எல்லையுண்டு: சிங்கமலையைத் தொழிலாளர் குடைந்தனர், இம்மலைகளைக் குடைந்தார் எவருமிலர். காலத்தைக் கற்பனை எண்ணாகக் கொண்டு, இவ்வூடுருவலுக்குரிய தீர்வை பெலாவின், பொலியாக்கொவ், சுவார்ட்ஸ், தியுப்கின் ஆகிய நால்வர் 1975இல் கண்டனர். அத்தீர்வு வெளியில் ஓரிடத்திலும் காலத்தில் ஒரு கணத்திலும் செறிந்திருப்பதாலேயே கணத்தைக் குறிக்கும் அப்பெயர் பெற்றது.

இங்குக் கவனிக்கவேண்டியது ஊடுருவலின் அளவு. 8 பை வர்க்கத்தைப் பிணைப்பு மாறிலியின் வர்க்கத்தால் வகுத்து, அதனை எதிர்க்குறியுடன் அடுக்குக்குறிச் சார்பில் இட்டால் அவ்வளவு கிடைக்கும். பிணைப்பு மாறிலியின் அடுக்குத்தொடராக இதனை விரிக்கப் புகின் ஒவ்வோர் உறுப்பும் பூச்சியமாகிவிடும். ஆகவே உறுப்புக்குப்பின் உறுப்பாகக் கணித்துச் செல்லும் வழக்கமான முறை, ஆயிரம் உறுப்புவரை சென்றாலும் இதனைக் காணாது. முறையைக் கையாள்வோர் தவறிழைத்தமையால் அன்று, முறையின் இயல்பினாலேயே அது கண்ணிற் படாது போயிற்று என்பது எம் கருத்து.

விளைவோ சிறிதன்று. ஈற்றா-பிரைம் மேசன் புரோத்தனைவிடச் சற்றுக் கூடிய திணிவுடையதாயிருப்பது ஏன் என்ற புதிருக்கு ஜெராட் ட்ஹூஃப்ட் 1976இல் இவ்வழியே விடைகாட்டினார். ஆயின் அதனோடு வேறொரு புதிரும் வந்தது. பள்ளத்தாக்குகள் அனைத்தும் கலந்த உண்மை வெற்றுநிலையைக் குறிக்கத் தீற்றா என்னுங் கோணம் ஒன்று வேண்டும். அது பூச்சியமல்லவெனின் நியூத்திரனுக்கு மின்னிருமுனைத் திருப்பம் இருத்தல் வேண்டும். 2020 வரை செய்த நுண்ணளவீடுகளில் அத்திருப்பம் தென்படவில்லை. கோணம் ஆயிரங்கோடியில் ஒரு பங்கினும் மிகாது எனலாம். அதனைப் பூச்சியத்துக்கு இழுக்கும் பொறிமுறை ஒன்றைப் பெச்சேயும் குவினும் 1977இல் முன்வைத்தனர். அது மெய்யாயின் அக்சியன் என்னுந் துணிக்கை இருத்தல் வேண்டும். தேடல் நடைபெறுகின்றது, அக்சியன் இன்னும் அகப்படவில்லை.