கொடி கொடுக்கப் போனாள், உறவு கொண்டு வந்தாள்!

உங்கள் எதிர் வீட்டுக்காரரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? கடைசி வீட்டு அம்மாள் என்ன வேலை பார்க்கிறார், தெரியுமா?

"தெரியாது" என்பவர்கள் வெட்கப்பட வேண்டாம். நானும் அப்படித்தான் இருந்தேன். என் கண்ணைத் திறந்தவள் என் மகள். அப்போது அவளுக்கு வயது 10.

1986-ம் ஆண்டு. திருச்சி உறையூரில் ஒரு சின்னத் தெரு. வேலை மாற்றலாகி நாங்கள் அங்கே குடிவந்து 2 ஆண்டுகள் ஆகியிருந்தன. காலையில் ஆபீஸ். மாலையில் வீடு. எதிரே யாராவது வந்தால் ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான் பழக்கம்.

20 கொடிகள்

டிசம்பர் மாதம். 5-ம் வகுப்பில் படித்த என் மகள், பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தகர உண்டியலும் 20 காகிதக் கொடிகளும் கொண்டு வந்தாள். கொடி நாளுக்குப் பணம் சேர்க்க வேண்டுமாம். இவ்வளவு என்று விலை கிடையாது. கொடுப்பதை வாங்கிக்கொள்ளலாம்.

வீடு வீடாகப் போய்க் கேட்பதா? எனக்குக் கூச்சமாக இருந்தது.

"நானே 10 ரூபாய் போட்டுவிடுகிறேன். நீ எங்கும் போகவேண்டாம்" என்றேன்.

"ஒரே ஆள் 20 கொடியைக் குத்திக்க முடியுமாப்பா?" என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு அவளுடன் புறப்பட்டேன்.

கொடி நாள் எதற்கு?

நாட்டைக் காக்கப் போன வீரர்களில் சிலர் திரும்பி வருவதில்லை. சிலர் கை கால் இழந்து வருகிறார்கள். அவர்களையும், அவர்களுடைய குடும்பங்களையும், ஓய்வு பெற்ற வீரர்களையும் கவனிக்கும் பொறுப்பு பொதுமக்களுக்கும் உண்டு. அதற்காக 1949-ம் ஆண்டு முதல் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7-ந்தேதி கொடி நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அந்தச் சின்னக் கொடியில் 3 நிறங்கள் இருக்கும். சிவப்பு, தரைப்படை. கருநீலம், கடற்படை. வெளிர்நீலம், விமானப்படை.

இதை என் மகள் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். ஒவ்வொரு வாசலிலும் ஒப்பித்தாள்.

ஒவ்வொரு வாசலிலும் ஒரு கதை

அன்று ஞாயிற்றுக்கிழமை. மாலை 4 மணி.

எதிர் வீட்டுப் பெரியவர் பொன்மலை ரெயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அன்றுதான் எனக்குத் தெரியும்! ஒரு ரூபாய் போட்டார். "கணக்குப் பாடத்தில் சந்தேகம் வந்தால் இங்கே வா, பாப்பா" என்றார்.

அதற்கு அடுத்த வீட்டில் கைத்தறி நெய்பவர் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தார். கையில் 50 பைசாதான் இருந்தது. அதைப் போட்டுவிட்டு, கொடியைத் தன் மனைவிக்குக் குத்திவிடச் சொன்னார்.

தையற்காரர் காசு கொடுத்ததோடு விடவில்லை. என் மகளின் கிழிந்த பாவாடை ஓரத்தைப் பார்த்தார். அங்கேயே தைத்துக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை!

ஒரு வீட்டில் மட்டும் "பிறகு வா" என்றார்கள். "சரிங்க" என்று சிரித்தபடி வந்துவிட்டாள். எனக்குத்தான் முகம் சுருங்கியது.

பூட்டிய கதவு

கடைசி வீடு. பகலில் எப்போதும் கதவு சாத்தியிருக்கும். அங்கே ஒரு விதவை அம்மாள் குடியிருந்தார். "அந்த அம்மாள் முசுடு. பந்து விழுந்தால் திரும்பி வராது" என்பது தெருப் பிள்ளைகளின் பேச்சு. நானும் அதை நம்பியிருந்தேன்.

"அங்கே வேண்டாம்" என்றேன். அதற்குள் அவள் கதவைத் தட்டிவிட்டாள்.

கதவு திறந்தது. "யாரும்மா?"

"கொடி நாள் கொடி, அத்தை."

அந்த அம்மாள் கொடியை வாங்கினார். வெகுநேரம் பார்த்தபடி நின்றார். பிறகு எங்களை உள்ளே அழைத்தார்.

சுவரில் ஒரு படம். பட்டாள உடுப்பில் ஓர் இளைஞர். மாலை போட்டிருந்தது.

"1971 சண்டையிலே போயிட்டார். இதே டிசம்பர் மாசம்தான். தந்தி வந்தப்போ என் பையனுக்கு 2 வயசு. இப்போ பாலிடெக்னிக் படிக்கிறான். அவன் படிப்புக்கு உதவிப் பணம் வந்துச்சு. கொடி நாள் பணம்னு சொன்னாங்க. உன்னை மாதிரி ஏதோ ஒரு குழந்தை உண்டியல் தூக்கித்தானே சேர்த்திருக்கும்?"

சொல்லிக்கொண்டே என் மகளின் தலையைத் தடவினார்.

அவர் ஆஸ்பத்திரியில் ஆயா. இரவு வேலை. பகலில் தூக்கம். கதவு சாத்தியிருந்ததன் காரணம் அவ்வளவுதான்! 2 ஆண்டுகளாக அதைக் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.

அவர் 5 ரூபாய் போட்டார். நாங்கள் கிளம்பும்போது ஒரு கூடையைக் கொண்டு வந்து வைத்தார். உள்ளே 4 பந்துகள்!

"எடுத்துத்தான் வச்சிருக்கேன். பசங்க சுவர் ஏறிக் குதிச்சுத் தேடுவாங்க. கதவைத் தட்டி ஒருத்தரும் கேட்கலையே!"

எனக்குச் சுருக்கென்றது.

உண்டியலில் சேர்ந்தது எவ்வளவு?

மறுநாள் பள்ளியில் எண்ணிப் பார்த்தார்கள். 18 ரூபாய் 75 பைசா. பெரிய தொகை அல்ல. ஆனால் அந்த வாரமே பொன்மலைப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் என் மகள் பின்னக் கணக்குப் போட்டாள். பொங்கலுக்குக் கடைசி வீட்டிலிருந்து எங்களுக்குக் கரும்பு வந்தது. ஓர் இரவு என் மனைவிக்குக் காய்ச்சல் கண்டபோது, ஆஸ்பத்திரியில் துணைக்கு நின்றவர் அந்த அம்மாள்தான்.

நான் சொன்னபடி 10 ரூபாயைப் போட்டு முடித்திருந்தால் இவற்றில் ஒன்றாவது கிடைத்திருக்குமா?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

இன்று கொடி நாள் நிதியை இணையம் வழியாகவும் செலுத்தலாம். நல்ல வசதிதான். ஆனாலும் உங்கள் குழந்தை பள்ளியிலிருந்து உண்டியலோ நன்கொடைத் தாளோ கொண்டு வந்தால், "தொல்லை" என்று தள்ளாதீர்கள்.

தனியே அனுப்பாதீர்கள். கூடவே போங்கள். இருட்டுமுன் வீடு திரும்புங்கள். பணம் எதற்கு என்பதைக் குழந்தையே சொல்லட்டும். யாரையும் வற்புறுத்த வேண்டாம். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒரு வணக்கம் சொல்லப் பழக்குங்கள். ரசீது இருந்தால் அங்கேயே எழுதிக் கொடுங்கள். உண்டியலைப் பிரிக்காமல் பள்ளியில் சேர்த்துவிடுங்கள்.

உங்கள் தெருவிலும் ஒரு சாத்திய கதவு இருக்கும். அதைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்.

ஒருமுறை தட்டிப் பாருங்கள்!