பாம்பின் கால் எங்கே போனது?

'பாம்பின் கால் பாம்பறியும்' என்று சொல்லி வைத்தவர்கள் மலைப்பாம்பைப் புரட்டிப் பார்த்திருப்பார்களோ என்னவோ. வால் தொடங்கும் இடத்தில், கழிவுத் துவாரத்தின் இரு புறமும், பக்கத்துக்கு ஒன்றாகக் கொக்கி போன்ற சிறு நகம் நீட்டிக்கொண்டிருக்கும். ஆண் பாம்பில் அது சற்றுப் பெரிது. இணைசேரும்போது பெண்ணின் உடலை வருடப் பயன்படுகிறது. தோலுக்கு உள்ளே அந்த நகத்தை ஒட்டித் தொடையெலும்பின் ஒரு துண்டு, அதற்கு மேலே இடுப்பெலும்பின் மிச்சம். நாகம், சாரை, விரியன் ஆகியவற்றில் இந்த மிச்சமும் கிடையாது.

பாம்புகள் கால் உள்ள பல்லிகளின் வழிவந்தவை. அர்ஜென்டினாவின் ரியோ நெக்ரோ மாகாணத்தில் கிடைத்து, 2006-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட நஜாஷ் என்ற பாம்பின் புதைபடிவத்துக்கு வயது ஏறத்தாழ 9.5 கோடி ஆண்டுகள். அதற்கு முன்னங்கால் இல்லை. பின்னங்கால் இருந்தது, அதைத் தாங்கும் இடுப்பும் இருந்தது. முன்னது முதலில் போய்ப் பின்னது மெல்லத் தேய்ந்திருக்கிறது. காலைத் தொலைத்தது பாம்பு மட்டுமல்ல. பல்லி, அரணை வகைகளில் இருபது முறைக்கு மேல் தனித்தனியாக இது நடந்திருக்கிறது. இலங்கையில் மட்டுமே வாழும் நெசியா என்ற அரணைப் பேரினத்தைப் பார்த்தால் போதும்: ஓர் இனத்துக்கு விரலோடு நான்கு குட்டிக் கால்கள், இன்னொன்றுக்கு வெறும் முண்டுகள், மற்றொன்றுக்கு ஒன்றுமே இல்லை.

காலை உருவாக்கிய மரபணு பாம்பிடமிருந்து அழிந்துவிட்டதால்தான் கால் போனது என்று நினைக்கத் தோன்றும். 'அறிவுக்கான மரபணு', 'உயரத்துக்கான மரபணு' என்று வாரத்துக்கு ஒரு தலைப்பைப் படித்துப் பழகிய நமக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் காலுக்கென்று ஒரு மரபணு எந்த உயிரிடமும் கிடையாது. கால் வளர்ச்சியில் பங்கெடுக்கும் முக்கியமான மரபணுக்கள் எல்லாம் பாம்பிடம் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் சோனிக் ஹெட்ஜ்ஹாக்.

பெயர் விளையாட்டுத்தனமானதுதான். 1980-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷௌஸும் பழ ஈயின் கருவைக் குலைக்கும் மரபணுப் பிறழ்வுகளை ஆயிரக்கணக்கில் தேடினார்கள். ஒரு பிறழ்வில் ஈயின் புழு உடல் முழுக்க முள்ளாகப் பிறந்தது. முள்ளெலியை நினைவூட்டியதால் அந்த மரபணுவுக்கு ஹெட்ஜ்ஹாக் என்று பெயர் வைத்தார்கள். அந்தத் தேடலுக்கு 1995-இல் நோபல் பரிசு கிடைத்தது. பின்னர் முதுகெலும்புள்ள விலங்குகளில் அதே மரபணுவின் சொந்தங்கள் கிடைத்தபோது, அவற்றில் ஒன்றுக்கு வீடியோ கேமில் ஓடித் திரியும் சோனிக்கின் பெயரைச் சூட்டினார்கள். குழந்தைக்கு ஏற்பட்ட குறைபாட்டை விளக்க வேண்டிய மருத்துவர், பெற்றோர் முன்னால் இந்தப் பெயரை உச்சரிக்கச் சங்கடப்படத்தான் வேண்டியிருக்கிறது.

சோனிக் செய்யும் வேலைகள் பல. மூளை இரண்டு பாதிகளாகப் பிரிய, முகம் ஒழுங்காக அமைய, தண்டுவடத்தில் நரம்புகள் இடம்பிடிக்க எல்லாவற்றுக்கும் அது தயாரிக்கும் புரதம் வேண்டும். கருவில் மொட்டுப் போலத் துளிர்க்கும் கை, கால்களின் பின்விளிம்பிலும் இதே புரதம் சுரக்கிறது. எத்தனை விரல், எது பெருவிரல், எது சுண்டுவிரல் என்பதெல்லாம் அதன் அளவையும் அது சுரக்கும் நேரத்தையும் பொறுத்தவை. 1996-இல் சுண்டெலியில் இந்த மரபணுவை அடியோடு முடக்கியபோது குட்டிகள் ஒற்றைக் கண்ணோடு உருவாகி இறந்தன. ஆக, காலை இழப்பதற்காக ஒரு விலங்கு சோனிக்கைத் தூக்கி எறிந்தால் தலையும் சேர்ந்து போய்விடும்.

பிறகு பாம்பு எப்படித் தப்பியது? ஒரு புரதத்தைத் தயாரிக்கும் பகுதியும், அதை எந்த உறுப்பில் எப்போது தயாரிக்க வேண்டும் என்று முடிவு செய்யும் பகுதிகளும் டி.என்.ஏ.-வில் வேறு வேறு. பின்னவற்றை என்ஹான்சர் என்கிறார்கள். சுவிட்ச் என்றே நாம் சொல்லலாம். வீட்டுக்கு வரும் மின்சாரம் ஒன்றுதான் என்றாலும் அறைக்கு ஒரு சுவிட்ச் இருப்பதால், கொல்லைப்புற விளக்கை அணைக்க மீட்டரைப் பிடுங்க வேண்டியதில்லை. சோனிக்குக்கும் மூளைக்கு, முகத்துக்கு, கால்களுக்கு என்று தனித்தனிச் சுவிட்சுகள். கால் சுவிட்சின் பெயர் இசட்.ஆர்.எஸ். அது இருக்கும் இடம்தான் வேடிக்கை. மரபணுவிலிருந்து ஏறத்தாழ பத்து லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள் தள்ளி, சம்பந்தமே இல்லாத வேறொரு மரபணுவின் நடுவில் அது உட்கார்ந்திருக்கிறது. 2003-இல் எடின்பரோவில் லாரா லெட்டிஸ், ராபர்ட் ஹில் ஆகியோரின் குழு அதை அடையாளம் கண்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்தச் சுவிட்சை மட்டும் சுண்டெலியிலிருந்து வெட்டி நீக்கினார்கள். மூளை சரி, முகம் சரி. கால்கள் மட்டும் பாதியில் நின்றுபோயின.

பாம்பின் கதைக்கு இங்கிருந்து ஒரே எட்டுதான். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் ஆக்ஸல் வைஸலின் குழு அந்த எட்டை வைத்தது. சுண்டெலியின் இசட்.ஆர்.எஸ். சுவிட்சை எடுத்துவிட்டு, அதே இடத்தில் மற்ற விலங்குகளின் சுவிட்சைப் பொருத்திப் பார்த்தார்கள். மனிதனுடையதை வைத்தபோது எலிக்கு வழக்கமான கால்கள் வந்தன. ஆழ்கடல் மீனான சீலகாந்தின் சுவிட்சை வைத்தபோதும் அப்படியே. அந்த மீனுக்கு இருப்பது துடுப்பு, காலல்ல. நமக்கும் அதற்கும் பொதுவான மூதாதை வாழ்ந்து 40 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இருந்தும் சுவிட்ச் வேலை செய்தது. மலைப்பாம்பின் சுவிட்சையும் நாகத்தின் சுவிட்சையும் வைத்தபோதுதான் எலிகள் குட்டைக் கட்டைகளோடு பிறந்தன. பாம்புச் சுவிட்சில் 17 எழுத்துகள் காணாமல் போயிருந்தன. மரபணுவை இயக்கும் புரதம் வந்து ஒட்டிக்கொள்ள வேண்டிய இடம் அது. அந்த 17 எழுத்துகளை மலைப்பாம்பின் சுவிட்சில் திரும்பச் சேர்த்து எலிக்குள் வைத்தார்கள். கால்கள் முழுதாக வந்தன. 2016 அக்டோபரில் இது வெளியானது.

அதே மாதம் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் கோனும் ஃபிரான்சிஸ்கா லீலும் மலைப்பாம்பின் கருவுக்குள் நடப்பதைச் சொன்னார்கள். கருவின் பின்னங்கால் மொட்டில் சோனிக் கொஞ்ச நேரம், சுமார் ஒரு நாள் அளவுக்கு, விழித்துக்கொள்கிறது, பிறகு அணைந்துவிடுகிறது. அதற்குள் தொடை மட்டுமல்ல, முழங்காலுக்குக் கீழான பகுதியும் பாதமும் உருவாகும் முயற்சிகூடத் தொடங்கி, பின் கலைந்துபோகிறது. மலைப்பாம்பு முட்டைக்குள் இருக்கும்போது கிட்டத்தட்ட ஒரு முழுக்காலுக்கே அடிபோடுகிறது என்பது இந்தத் துறையில் நான் படித்தவற்றில் மிகவும் ரசித்த செய்தி.

கால் போய்ப் பல கோடி ஆண்டுகள் ஆன பின்னும் கால் தொடர்பான சுவிட்சுகள் பாம்பிடம் ஏன் மிஞ்சி நிற்கின்றன? ஒரு விடை 2015-இல் கிடைத்தது. பின்னங்காலில் வேலை செய்யும் சில சுவிட்சுகள், கருவில் பக்கத்திலேயே உருவாகும் இனப்பெருக்க உறுப்புக்கும் வேலை செய்கின்றன. கால் போனாலும் வம்சம் வேண்டுமல்லவா?

இவ்வளவையும் படித்துவிட்டு, 'பாம்பு 17 எழுத்துகளை இழந்தது, அதனால் காலை இழந்தது' என்று முடிவு கட்டினால் அவசரம். வேறு மாற்றங்களால் கால் முதலில் சிறுத்து, தேவையற்றுப்போன சுவிட்ச் அதன்பின் துருப்பிடித்திருக்கவும் கூடும். இத்தனை கோடி ஆண்டுகளுக்கு அப்பாலிருந்து வரிசையைச் சொல்வது கடினம். வரிசை தெரிய வேண்டுமானால், அண்மையில் உறுப்பை இழந்த விலங்கு வேண்டும். அப்படி ஒன்று வடக்கு அரைக்கோளத்தின் குளிர்ந்த நீர்களில் இருக்கிறது: விரல் நீளமே உள்ள ஸ்டிக்கிள்பேக் மீன்.

கடலில் வாழும் ஸ்டிக்கிள்பேக்குக்கு வயிற்றடியில், நம் கால்கள் இருக்க வேண்டிய இடத்தில், இடுப்பெலும்பும் அதில் பொருந்திய இரண்டு கூர்முட்களும் உண்டு. விழுங்க வரும் பெரிய மீனின் தொண்டையில் குத்தும். சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடைசிப் பனியுகம் முடிந்து பனிப்பாறைகள் உருகியபோது, கனடா, அலாஸ்கா, ஸ்காட்லாந்து, ஐஸ்லாந்து போன்ற இடங்களில் எண்ணற்ற புதிய ஏரிகளும் ஓடைகளும் உண்டாயின. கடலிலிருந்து ஏறிவந்த ஸ்டிக்கிள்பேக்குகள் அவற்றில் குடியேறின. பல ஏரிகளில் அவை இடுப்பையும் முள்ளையும் கைவிட்டுவிட்டன. எலும்பு கட்டச் சுண்ணாம்புச் சத்துப் போதாதது ஒரு காரணம் என்கிறார்கள்; தும்பிகளின் இளம்புழுக்கள் முள்ளைப் பிடித்து மீனை இழுத்துவிடுவது இன்னொன்று.

முள்ளுள்ள கடல் மீனும் முள்ளற்ற ஏரி மீனும் இன்னமும் கூடிக் குஞ்சு பொரிக்கும். ஸ்டான்ஃபோர்டின் டேவிட் கிங்ஸ்லியும் பிரிட்டிஷ் கொலம்பியாவின் டால்ஃப் ஷ்லூட்டரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டையும் கலந்து, பேரக்குஞ்சுகள் வரை வளர்த்து, முள் எந்த மரபணுப் பகுதியோடு சேர்ந்து வருகிறது என்று தேடினார்கள். விடை பிட்எக்ஸ்1 என்ற மரபணுவில் வந்து நின்றது. வேடிக்கை என்னவென்றால், இரண்டு மீன்களிலும் அந்த மரபணு தயாரிக்கும் புரதத்தில் ஓர் எழுத்துகூட வேறுபடவில்லை. பிட்எக்ஸ்1 தாடைக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்கும் வேண்டியது. முற்றிலும் இழந்த எலிக்குட்டி பிழைக்காது. ஏரி மீன் இழந்தது இடுப்புக்கான சுவிட்சை மட்டுமே. 2010-இல் இதை முடிவாக நிறுவினார்கள்: வேலை செய்யும் சுவிட்சோடு அந்த மரபணுவைச் சேர்த்து முள்ளற்ற மீனின் கருவில் செலுத்த, இடுப்பும் முள்ளும் திரும்ப முளைத்தன. பல ஏரிகளில் வெட்டு வெவ்வேறு நீளத்தில் விழுந்திருந்தது. ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பியடிக்கவில்லை. தனித்தனியே ஒரே சுவிட்சை உடைத்திருக்கின்றன.

முள்ளை இழந்த மீன்களில் மிஞ்சும் இடுப்பு, வலப்பக்கத்தை விட இடப்பக்கம் பெரிதாக இருப்பது இன்னொரு விசித்திரம். பிட்எக்ஸ்2 என்ற உறவு மரபணு உடலின் இடப்பக்கத்தில் மட்டும் கொஞ்சம் ஈடுகொடுப்பதே காரணம் என்கிறார்கள். பாக் நீரிணையில் வாழும் நம் ஆவுளியாவின் உறவான மானட்டீயின் இடுப்பெலும்பு மிச்சத்திலும் இதே இடப்பக்கச் சாய்வு உண்டு. ஓங்கில்களின் கருவிலும் பின்னங்கால் மொட்டு தோன்றி, சோனிக் இயங்காததால் கரைந்துவிடுகிறது. 2006-இல் ஜப்பானின் தாய்ஜி கடற்கரையில் பின்புறத்தில் கூடுதலாக ஒரு சோடித் துடுப்புகளோடு ஓர் ஓங்கில் பிடிபட்டது.

எல்லா உருவ மாற்றமும் சுவிட்சால்தான் என்று அடித்துச் சொல்லும் ஆர்வலர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எதிர்சாட்சி பூச்சிகளிடம் இருக்கிறது. இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் தீவனமாகப் போடும் ஆர்ட்டீமியாவுக்கு வரிசையாகக் கால்கள். பூச்சிக்கோ ஆறே ஆறு. உடலின் எந்தப் பகுதியில் என்ன முளைக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் ஹாக்ஸ் மரபணுக்கள் இரண்டிலும் உண்டு. அவற்றில் யு.பி.எக்ஸ். என்ற ஒன்று பூச்சியின் வயிற்றுப் பகுதியில் கால் முளைக்காமல் தடுக்கிறது. ஆர்ட்டீமியாவின் யு.பி.எக்ஸ். அப்படித் தடுப்பதில்லை. 2002-இல் இரண்டு அமெரிக்கக் குழுக்கள் காட்டியபடி, இங்கே மாறியது சுவிட்சல்ல. அந்தப் புரதத்தின் வால்பகுதியே. எனவே இரண்டு வழியும் உண்டு. எனினும், ஒரே மரபணு பல உறுப்புகளில் வேலை செய்யும்போது, மற்றவற்றைக் கெடுக்காமல் ஓர் உறுப்பை மட்டும் மாற்றச் சுவிட்சே பத்திரமான வழி என்பது என் கருத்து.

சுவிட்ச் அணைந்தால் கால் போகும் என்றால், வேண்டாத இடத்தில் எரிந்தால்? ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட்டில், எழுத்தாளர் ஹெமிங்வே வாழ்ந்த வீட்டில் திரியும் பூனைகள் பலவற்றுக்குப் பாதத்தில் ஆறு விரல்கள். காரணம், இசட்.ஆர்.எஸ். சுவிட்சில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பது. மனிதர்களிலும் இப்படி உண்டு. பெருவிரல் பக்கம் கூடுதல் விரலோடு தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் பிறக்கும் சில குடும்பங்களில் இதே சுவிட்சில் ஓர் எழுத்துப் பிழையைக் கண்டிருக்கிறார்கள்.

நம் டி.என்.ஏ.-வில் புரதம் தயாரிக்கும் பகுதி இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. மருத்துவமனைகளில் பரவலாகச் செய்யப்படும் எக்ஸோம் என்ற மரபணுச் சோதனை அந்தப் பகுதியைத்தான் படிக்கிறது, இசட்.ஆர்.எஸ். அதற்கு வெளியே இருக்கிறது. குடும்பத்தில் இப்படி ஒரு குறை வழிவழியாக வந்தும், சோதனை அறிக்கை 'மாற்றம் எதுவும் இல்லை' என்று சொன்னால் அதோடு விட்டுவிட வேண்டாம். சுவிட்சுப் பகுதியும் பார்க்கப்பட்டதா என்று மரபியல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.