காவிக் கலர் ரோல்ஸ் ராய்ஸும் ஒரு தீப்பெட்டியும்

ரோல்ஸ் ராய்ஸ்னா முழுக் காரையும் அந்தக் கம்பெனியே செஞ்சு கொடுக்கும்னுதானே நினைப்போம்? 1930கள்ல அப்படி இல்லைங்க. டெர்பி தொழிற்சாலையில இருந்து இஞ்சினும் சேஸிஸும்தான் வரும். நம்மூர்ல லாரி சேஸிஸ் வாங்கி நாமக்கல்ல பாடி கட்டுவாங்களே, அதே கதைதான்.

லண்டன்ல அப்படிப் பாடி கட்டறதுல பேர் போனவங்க த்ரப் அண்ட் மேபர்லி. ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்ல (நாம தள்ளுபடியில ஜாக்கெட் தேடி அலையற அதே தெருதான் :-)) குதிரை வண்டி செஞ்சுட்டிருந்து, அப்புறம் காருக்கு மாறினவங்க. 1929ல ஹென்றி சீக்ரேவ் மணிக்கு 231 மைல் வேகத்துல ஓட்டி உலக சாதனை பண்ணின 'கோல்டன் ஏரோ'வுக்கு பாடி கட்டினதும் இவங்கதான்.

1934ல ராஜ்கோட் மன்னர் தர்மேந்திரசிங்ஜிக்காக இவங்க கட்டின கார்தான் 'ஸ்டார் ஆஃப் இந்தியா'. ஃபாண்டம் 2 காண்டினென்டல். ஆறு சிலிண்டர், 7.7 லிட்டர் இஞ்சின். இந்த ரகத்துல மொத்தமே சுமார் 280 சேஸிஸ்தான் வந்துச்சு. மடக்கற கூரை, காவிக் கலர், ஸ்டியரிங்கோட சேர்ந்து திரும்பற ஹெட்லைட்னு அமர்க்களம்!

அது பெருமந்த காலம். 1933 ஆரம்பத்துல பிரிட்டன்ல வேலையில்லாதவங்க கிட்டத்தட்ட 30 லட்சம் பேர். அந்த நேரத்துல இப்படி ஒரு ஆர்டர் வந்தா பட்டறைக்குக் கொண்டாட்டம்தான். சரி, ராஜ்கோட்ல என்ன நடந்துச்சு?

இவரோட அப்பா லாகாஜிராஜ் 1923லயே வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு கொடுத்து 90 பேர் கொண்ட மக்கள் சபை வச்சவர். பையன் நேர் எதிர். கஜானா காலியானதும் தீப்பெட்டி, சர்க்கரை, அரிசி விக்கற ஏகபோக உரிமையைத் தனி வியாபாரிங்களுக்கு வித்தாங்க. விலை ஏறிச்சு. திருவிழாவுல சூதாட்டத்துக்கும் அனுமதி. 1938ல ஜனங்க தெருவுக்கு வந்துட்டாங்க. மன்னரோட சொந்தச் செலவுக்கு வரம்பு வைக்கணும்ங்கறதும் ஒரு கோரிக்கை. டிசம்பர்ல ஒத்துக்கிட்ட மன்னர், அடுத்த மாசமே பல்டி அடிச்சார். கஸ்தூர்பா கைதானாங்க. காந்தியோட அப்பா திவானா இருந்த ஊர் அது. 1939 மார்ச் 3ல காந்தியே அங்க போய் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். வைஸ்ராய் தலையிட்டப்புறம் 7ஆம் தேதி முடிச்சார். அடுத்த வருஷமே மன்னர் காலமாயிட்டார்.

சுதந்திரத்துக்கு அப்புறம் வெளிநாட்டுக்குப் போன காரை, பல வருஷம் கழிச்சு ராஜ்கோட் அரச குடும்பமே திரும்ப வாங்கிடுச்சு.

அழகான கார்தான், மறுக்கவே முடியாது. அந்தத் தகரத்தை வளைச்ச லண்டன் தொழிலாளிங்க கைக்கு ஒரு கும்பிடு. ஆனா படத்துக்குக் கீழ மன்னர் பேரும் பட்டறை பேரும் மட்டும் போட்டா பாதிக் கதைதான். தீப்பெட்டிக்குக் கூட கூடுதல் காசு கொடுத்த ஜனங்களும் அந்தக் கதையில வரணும் இல்லையா?

புதுக்கோட்டை, திருவிதாங்கூர் பக்கத்து மக்களே, உங்க ஊர் அரண்மனை கார் கதை தெரிஞ்சா எழுதுங்களேன்!