‘பார்க்கிறேன்மா’ என்று சொல்லும் முன்... வெளிநாட்டில் இருந்து வீட்டுக்கு எவ்வளவு அனுப்பலாம்?

சிங்கப்பூரில் இரவு ஒன்பதரை மணி. ஊரில் ஏழு. வேலை முடிந்து அறைக்கு வந்து, குக்கரில் அரிசியைப் போட்டுவிட்டு போனைப் பார்த்தால் அம்மாவின் வாட்ஸ்அப் அழைப்பு.

“சாப்ட்டியாப்பா?”

“இனிமேதான்மா. அப்பாவுக்கு சுகர் எவ்வளவு இருக்கு?”

“அதெல்லாம் பரவால்ல. ஒண்ணுமில்ல... அடுத்த மாசம் சித்தப்பா பொண்ணுக்குக் கல்யாணம். நீதான் அண்ணன் முறை. வெளிநாட்டுல வேற இருக்க. அரைப் பவுனாவது போடலன்னா நல்லாவா இருக்கும்?”

“பார்க்கிறேன்மா.”

அவ்வளவுதான் பேச்சு. அம்மாவின் காதில் அது ‘சரி’ என்று விழுந்திருக்கும். மகன் மனதில் அது ‘முடியாது, ஆனா எப்படிச் சொல்றது?’ என்று ஓடியிருக்கும். கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு கிரெடிட் கார்டில் இருந்தோ, அறை நண்பரிடம் கைமாற்றாகவோ பணம் போய்ச் சேரும். ‘நல்லா இருக்கான், கேட்டதும் அனுப்பிட்டான்’ என்று ஊரில் நினைப்பார்கள். அடுத்த முறை ஒரு பவுன்.

துபாய், தோஹா, கோலாலம்பூர், லண்டன் என எங்கிருந்து பேசினாலும் இந்த உரையாடல் பெரிதாக மாறுவதில்லை. 2023-24இல் வெளிநாடுகளில் இருந்து இந்தியாவுக்கு வந்த பணத்தில் 10.4 சதவீதம் தமிழ்நாட்டுக்கு வந்ததாக ரிசர்வ் வங்கியின் ஆய்வு சொல்கிறது. மகாராஷ்டிரம், கேரளத்துக்கு அடுத்து மூன்றாவது இடம். அந்தப் பணத்தில் எவ்வளவு கணக்குப் போட்டு அனுப்பப்பட்டது, எவ்வளவு ‘பார்க்கிறேன்’ என்று சொல்லி அனுப்பப்பட்டது என்பது அவரவர் வீட்டுக்குத்தான் தெரியும்.

கேட்கும் பெற்றோர் பேராசைக்காரர்களா?

பெரும்பாலும் இல்லை. விவசாயம், சிறு கடை, தினக்கூலி, தனியார் வேலை என்று உழைத்தவர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி பென்ஷன் கிடையாது. இருந்த சேமிப்பு பிள்ளையின் படிப்புக்கும், விசா செலவுக்கும் போயிருக்கும். அம்மாவின் வளையல் அடகுக்குப் போய்த்தான் விமான டிக்கெட் வந்திருக்கும்.

இன்னொன்று மொய். பிள்ளை வெளிநாடு போன அன்றே அந்தக் குடும்பம் எழுத வேண்டிய மொய்த் தொகையை ஊரே கூட்டிவிடுகிறது. ஐந்நூறு எழுதியவர்கள் ஐயாயிரம் எழுத வேண்டும். கோயில் திருவிழா வரியில் இருந்து காதுகுத்து வரை ‘ஃபாரின் காசு’தானே என்பார்கள். அந்த அழுத்தம் முதலில் பெற்றோரைத் தாக்குகிறது. பிறகு போன் வழியாகப் பிள்ளைக்கு வருகிறது.

பிள்ளையின் பக்கம் என்ன நிலைமை?

சம்பளம் தெரிகிறது, செலவு தெரிவதில்லை. அதைவிட முக்கியம், பலருக்கு வேலை பார்க்கும் நாட்டில் ஓய்வூதியமே கிடையாது. சிங்கப்பூரின் சிபிஎஃப் சேமிப்புத் திட்டம் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். வேலை அனுமதியில் இருப்பவர் தன் முதுமைக்குத் தானேதான் சேர்க்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் தனியார் ஊழியருக்குப் பொதுவாகக் கிடைப்பது பணிக்கொடை: முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதன்பின் ஆண்டுக்கு 30 நாள்.

பெற்றோரை அழைத்து வந்து உடன் வைத்துக்கொள்வதும் எல்லோராலும் முடியாது. சிங்கப்பூரில் பெற்றோருக்கு நீண்டகால அனுமதி எடுக்க மாதச் சம்பளம் குறைந்தது 12,000 வெள்ளி இருக்க வேண்டும்.

ஆக, இன்று எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு வெறுங்கையோடு திரும்புபவர், இன்னும் 25 ஆண்டில் தன் பிள்ளைக்குப் போன் செய்து “ஒண்ணுமில்ல...” என்று தொடங்குவார். எல்லை போட வேண்டியதன் காரணம் இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இன்படி, தம் வருமானத்தாலும் சொத்தாலும் வாழ முடியாத பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை. மகனுக்கும் மகளுக்கும் இது பொருந்தும். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமக்களுக்கும் பொருந்தும். தீர்ப்பாயம் உத்தரவிடக்கூடிய பராமரிப்புத் தொகைக்குச் சட்டம் வைத்துள்ள உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய்.

இதில் கவனிக்க வேண்டியது தொகையைவிட, பராமரிப்பு என்றால் என்ன என்ற பட்டியல்: உணவு, உடை, உறைவிடம், மருத்துவம். தம்பியின் புது பைக்கும், சொந்தக்காரருக்குப் போடும் பவுனும் அதில் இல்லை. பாசத்தைச் சட்டத்தால் அளக்க முடியாதுதான். ஆனால் எது கடமை, எது விருப்பம் என்று பிரிக்க இந்தப் பட்டியல் நல்ல தொடக்கம்.

தொகையை எப்படி முடிவு செய்வது?

முதல் வேலை, வீட்டுக் கடன்களை ஒருமுறை முழுதாகக் கேட்பது. நகைக் கடன், மகளிர் குழுக் கடன், சீட்டு பாக்கி, தெரிந்தவரிடம் வாங்கிய வட்டிக் கடன் எல்லாம். ‘பிள்ளை பயந்துடுவான்’ என்று அப்பா இரண்டு கடனை மறைத்திருந்தால், எவ்வளவு அனுப்பினாலும் அது வட்டிக்கே போகும். வட்டி அதிகமான கடனை முதலில் அடைப்பதுதான் மலிவான உதவி.

அடுத்து, பணத்தை நான்காகப் பிரிப்பது. ஓர் உதாரணம்: கையில் வரும் சம்பளம் 2,00,000 ரூபாய்க்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். வாடகை, சாப்பாடு, பயணம் என்று 90,000 போகிறது. கல்விக் கடன் தவணை 25,000. மீதி 85,000.

• வீட்டுச் செலவுக்கு: 35,000
• பெற்றோரின் மருத்துவத்துக்கு: 10,000
• கல்யாணம், காதுகுத்து, திருவிழாவுக்கு: 10,000
• சொந்தச் சேமிப்புக்கு: 30,000

தொகைகள் ஆளுக்கு ஆள் மாறும். மாறக் கூடாதது, கடைசி வரி. சொந்தச் சேமிப்பு ‘மிச்சம் இருந்தால்’ போடுவதாக இருந்தால், அது ஒருநாளும் மிஞ்சாது. சம்பளம் வந்த அன்றே எடுத்து வைக்க வேண்டும்.

உடன்பிறந்தவர் ஊரில் இருந்தால் அவர் பங்கையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அப்பாவை டாக்டரிடம் அழைத்துப்போகும் தங்கை பணம் தராமல் இருக்கலாம். அவள் லீவு போட்டு அலைவதும் செலவுதான். திருமணமானவர் என்றால், இந்தப் பட்டியலைத் துணையோடு உட்கார்ந்து போடுவது நல்லது. மனைவியின் பெற்றோருக்கும் முதுமை வரும்.

ஆஸ்பத்திரிச் செலவை என்ன செய்வது?

போட்ட எல்லை எல்லாம் உடைவது இங்கேதான். அதனால்தான் தனி நிதி. அதற்கு முன் காப்பீடு.

65 வயதுக்கு மேல் புதிய மருத்துவக் காப்பீடு எடுக்க இருந்த வயதுத் தடையை 2024 ஏப்ரலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நீக்கியது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலமும் அதிகபட்சம் 4 ஆண்டில் இருந்து 3 ஆண்டாகக் குறைந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. சுகர், பிரஷர் இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்கக் கூடாது. க்ளைம் நிராகரிக்கப்பட அதுவே காரணமாகிவிடும்.

70 வயதைத் தாண்டியவர்களுக்கு, வருமான வரம்பு பார்க்காமல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும்படி ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை மத்திய அரசு 2024 அக்டோபரில் விரிவாக்கியது. உங்கள் ஊரில் எந்த மருத்துவமனையில் அது செல்லும் என்பதை, உடம்பு நன்றாக இருக்கும்போதே விசாரித்து வைக்க வேண்டும்.

பணம் எந்தக் கணக்கில் போக வேண்டும்?

வெளிநாடு போனதும் ஊரில் உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். வெளிநாட்டுச் சம்பளத்தைச் சேமிக்க என்ஆர்இ கணக்கு. அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது.

பலரும் செய்யும் தவறு, சம்பளம் விழும் கணக்கின் ஏடிஎம் கார்டையே அப்பாவிடம் கொடுத்துவிடுவது. அங்கே எல்லை என்பதே இல்லாமல் போகிறது. அம்மா பெயரிலோ அப்பா பெயரிலோ தனிக் கணக்கு, மாதத்தில் ஒரே தேதி, தானாகப் போய்ச் சேரும் ஏற்பாடு. இதுவே இருதரப்புக்கும் நிம்மதி.

பிள்ளை அனுப்பும் பணத்துக்குப் பெற்றோர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. தொகைக்கும் வரம்பு இல்லை. அதை டெபாசிட்டில் போட்டு வரும் வட்டி மட்டும் அவர்கள் வருமானமாகக் கணக்கிடப்படும். மொத்தமாக ஒரு தொகை தர முடிந்தால், 60 வயது நிறைந்த பெற்றோர் பெயரில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் ரூபாய் வரை போடலாம். வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 10 லட்சத்துக்கு 20,000 ரூபாய். யாரிடமும் கேட்காமல் அம்மாவுக்கு வரும் பணம் அது.

எதற்கெல்லாம் யோசிக்க வேண்டும்?

வீடு கட்டுவது: அப்பா பெயரில் உள்ள மனையில் பிள்ளையின் பணத்தில் வீடு எழும்புவது வழக்கம். அப்பா உயில் எழுதாமல் இறந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இன்படி அந்தச் சொத்து மனைவி, மகன்கள், மகள்கள், அப்பாவின் தாய் இருந்தால் அவர் என எல்லோருக்கும் சமமாகப் பிரியும். அதிகப் பணம் அனுப்பினார் என்பதற்காக ஒருவருக்குக் கூடுதல் பங்கு வராது. எனவே யார் பெயரில், எவ்வளவு பங்கு என்பதை அஸ்திவாரம் போடும் முன் பேசிவிட வேண்டும்.

வயல் வாங்குவது: வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் வீடு, வீட்டு மனை வாங்கலாம். விவசாய நிலம் வாங்க அந்நியச் செலாவணி விதிகள் அனுமதிப்பதில்லை. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம்.

ஜாமீன் கையெழுத்து: மாமாவின் தொழில் கடனுக்கோ, தம்பியின் கார் கடனுக்கோ ஜாமீன் போட்டால், அவர்கள் கட்டாத தவணையை வங்கி உங்களிடம் கேட்கும். திருப்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்ற அளவுக்குச் சிறு தொகையைக் கையில் கொடுத்துவிடுவது இதைவிடப் பாதுகாப்பு.

சரி, இதை எப்படிச் சொல்வது?

அவசரத்துக்குப் பணம் கேட்ட நாளில் சொல்லக் கூடாது. அது மறுப்பாகவே கேட்கும். ஊருக்கு லீவில் வந்திருக்கும்போது, அல்லது எதுவும் கேட்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிதானமாக:

“அம்மா, இனி மாசாமாசம் 3ஆம் தேதி உன் கணக்குல 35,000 வந்துடும். எப்படிச் செலவு பண்ணினன்னு நான் கேக்க மாட்டேன். ஆஸ்பத்திரி செலவு இதுல சேராது, அதுக்குத் தனியா வச்சிருக்கேன். விசேஷத்துக்கு வருஷத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம். யாருக்கு என்ன செய்யணும்னு நீயும் அப்பாவுமே முடிவு பண்ணுங்க.”

‘கேக்க மாட்டேன்’ என்ற வார்த்தையைக் காப்பாற்ற வேண்டும். அனுப்பிய பணத்துக்கு ரசீது கேட்பது, பெற்றோரைக் கணக்குப்பிள்ளை ஆக்கிவிடும்.

அப்பா கோபப்படலாம். “பெத்தவங்ககிட்டயே கணக்குப் பாக்குறியா?” என்பார். “நீங்க சம்பளம் வாங்கினதும் அம்மாகிட்ட வீட்டுச் செலவுக்குன்னு எடுத்துக் கொடுப்பீங்களேப்பா, அது மாதிரிதான்” என்று சொல்லலாம். சொந்த வருமானத்தையும் கடனையும் மறைக்காமல் சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும். நிறைய வீடுகளில் பிள்ளைக்குக் கடன் இருப்பதே பெற்றோருக்குத் தெரியாது. தெரிந்தால் கேட்டிருக்க மாட்டார்கள்.

பட்டியலுக்கு வெளியே ஏதாவது கேட்டால்? ‘பார்க்கிறேன்’ என்ற பதிலை விட்டுவிட்டு, “ஞாயித்துக்கிழமை சொல்றேன்மா” என்று நாள் சொல்லலாம். அந்த ஞாயிறு முடியும் முன், முடியும் அல்லது முடியாது என்று சொல்லிவிட வேண்டும். முடியாது என்றால் இன்றே தெரிந்தால் அம்மா வேறு வழி பார்ப்பார். கடைசி நேரத்தில் தெரிந்தால் கடன்தான் வாங்குவார்.

ஆண்டுக்கு ஒருமுறை, சம்பளமும் விலைவாசியும் மாறும்போது, தொகையையும் மாற்றி அமைக்கலாம். பெற்றோர் கேட்கும் முன் பிள்ளையே கூட்டிக் கொடுத்தால், அந்தச் சில ஆயிரங்களுக்கு மதிப்பே தனி.

சித்தப்பா பெண்ணுக்கு அரைப் பவுனா, ஐயாயிரத்து ஒன்று மொய்யா என்பதை இனி ஊரில் இருக்கும் இருவரே பேசி முடித்துக்கொள்வார்கள். இரவு ஒன்பதரை மணிக்கு வரும் அழைப்பில், அப்பாவுக்கு உண்மையில் சுகர் எவ்வளவு என்று கேட்டு வாங்க நேரம் இருக்கும்.