புரை திரும்பவில்லை, பின்சவ்வு மங்கியிருக்கிறது

வெண்புரை எடுத்து லென்ஸ் வைத்த கண், ஒன்றிரண்டு வருடம் நன்றாக இருந்துவிட்டு மெல்ல மங்கத் தொடங்கினால் தோட்டத்து லயத்தில் இரண்டு தீர்ப்புகள் தயாராக இருக்கும். "புரை திரும்ப வளந்துருச்சு" என்பது ஒன்று. "டொக்டர் சரியா செய்யல" என்பது மற்றொன்று. பெரும்பாலும் இரண்டுமே தப்பு. இயற்கை லென்ஸ் வெளுத்துப் போவதுதான் புரை. அந்த லென்ஸையே எடுத்தாகிவிட்டது. திரும்ப வெளுக்க அங்கே எதுவும் இல்லை.

மங்கியிருப்பது வைத்த லென்ஸுக்குப் பின்னால் உள்ள சவ்வு. இயற்கை லென்ஸ் ஒரு மெல்லிய பைக்குள் இருக்கிறது. சத்திரசிகிச்சையில் பையின் முன்புறத்தை வட்டமாகத் திறந்து புரையை எடுத்துவிட்டு, புது லென்ஸைத் தாங்குவதற்காகப் பின்சுவரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். நடுவில் அதன் தடிப்பு ஏறத்தாழ 4 மைக்ரோன்தான். எவ்வளவு சுத்தம் செய்தாலும் பையின் ஓரத்தில் சில கலங்கள் தங்கிவிடும். அவை பெருகி, பின்சுவரில் ஊர்ந்து, அதை மூடுகின்றன. உடல் தன் காயத்தை ஆற்றப் பார்க்கிறது, அவ்வளவுதான். பல ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் வெளியான கணக்கின்படி, முதல் வருடத்தில் 12 சதவீதக் கண்களிலும் ஐந்து வருடங்களில் 28 சதவீதக் கண்களிலும் இப்படி நேர்ந்தது. பின்னர் பரவலான கூர்விளிம்பு லென்ஸுகள் கலங்களை விளிம்பிலேயே மறித்து இதைக் குறைத்தன. பிள்ளைகளுக்கோ இது ஏறக்குறைய நிச்சயம். அதனால் சின்ன வயதில் புரை எடுக்கும்போதே பின்சவ்வையும் திறந்துவிடுவது வழக்கம்.

நமுனுகுல, பசறைப் பக்கம் பனிமூட்டத்தின் மேல் பழிபோடுவது சுலபம். ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பாருங்கள். மூட்டம் கலைந்த பிறகும் ஒரு கண்ணில் மட்டும் பனி நின்றால், எதிர்வெயில் முன்னைவிடக் கூசினால், இரவில் பஸ் வெளிச்சம் சிதறித் தெரிந்தால் கண் கிளினிக்குக்குப் போக வேண்டும். மங்கலுக்கெல்லாம் சவ்வே காரணம் என்றும் நினைத்துவிடக் கூடாது. சீனி வருத்தத்தால் விழித்திரை கெட்டிருக்கலாம், கண் அழுத்தம் கூடியிருக்கலாம். அதைப் பிரித்துச் சொல்ல டொக்டர் கண்மணியை விரித்துப் பார்த்தாக வேண்டும்.

சவ்வுதான் என்று உறுதியானால் வைத்தியம் சில நிமிட வேலை. முன்பு ஊசியாலோ கத்தியாலோ கிழித்தார்கள். 1980ஐ ஒட்டிய வருடங்களில் பாரிஸில் டேனியல் ஆரோன்-ரோசாவும் பேர்னில் பிரான்ஸ் ஃபாங்க்ஹவுசரும் யாக் லேசரைக் கொண்டுவந்த பிறகு கத்திக்கு வேலை குறைந்தது. மரப்புச் சொட்டு விட்டு, கருவியில் நாடியை வைத்து உட்கார வைப்பார்கள். நோவு இராது, 'டிக் டிக்' என்ற சத்தம் கேட்கலாம். சவ்வின் நடுவில் மூன்று நான்கு மில்லிமீற்றர் அளவில் ஒரு சாளரம் திறக்கும். தையலும் இல்லை, கட்டும் இல்லை. பெரியவர்களுக்கு அநேகமாக ஒரு முறை போதும். ஆனால் பார்வைக்குத் தொந்தரவு தராத மங்கலுக்கு அவசரப்பட்டு லேசர் அடிக்கத் தேவையில்லை. இதிலும் சிறு ஆபத்துகள் உண்டு.

அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம், தோட்டத்து ஆளுக்கு அந்த நாள் இலவசமில்லை. அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போகும்; பதுளைக்குப் போக ஆட்டோவோ பஸ்ஸோ பிடிக்க வேண்டும். அதனால்தான் பலர் மங்கலோடேயே இருந்துவிடுகிறார்கள். கண் முகாம் நடத்துகிறவர்கள் எத்தனை ஒப்பரேஷன் என்று எண்ணுவதோடு, இரண்டு வருடம் கழித்து அந்தக் கண்கள் எப்படி இருக்கின்றன என்றும் எண்ண வேண்டும் என்பேன். தோட்ட டிஸ்பென்சரியில் ஒரு பெயர்ப் பட்டியலும் சுவரில் மாட்டும் பார்வை அட்டையும் இருந்தால் அதற்குப் போதும்.

கிளினிக்குக்குப் போகும்போது ஒப்பரேஷன் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள், துணைக்கு ஒரு ஆளும் வரட்டும். கண்மணி விரிந்திருக்கையில் படியும் பள்ளமும் தெரியாது. லேசருக்குப் பிறகு கண் அழுத்தம் கொஞ்ச நேரம் ஏறலாம் என்பதால், இருக்கச் சொன்னால் இருந்து பார்த்துவிட்டே வர வேண்டும். சில நாள் கண்முன் தூசுபோல் மிதப்பது சகஜம். மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்தாலும், திரை விழுவதுபோல் ஒரு பக்கம் இருண்டாலும் விழித்திரை கழன்றிருக்கக்கூடும். அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் அன்றைக்கே போக வேண்டும்.