ஒற்றை நரியுடன் திரும்பும் வேடர்கள்

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் 'பனியில் வேடர்கள்' என்ற புகழ்பெற்ற ஓவியம் இருக்கிறது. பீட்டர் ப்ரூகல் என்னும் ஃபிளெமிஷ் ஓவியர் 1565-ஆம் ஆண்டில் மரப்பலகை மீது எண்ணெய் வர்ணங்களால் தீட்டியது. சுமார் 117 செ.மீ. உயரமும் 162 செ.மீ. அகலமும் கொண்டது. ஆண்டின் பருவங்களைச் சித்திரிக்கும் வரிசையில் இன்று எஞ்சியுள்ள ஐந்து ஓவியங்களில் இதுவும் ஒன்று.

இயற்கைக் காட்சி ஓவியங்களைப் பார்ப்போர் பலரும் "அழகாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதுண்டு. ஓவியன் நம் கண்ணை எங்கே நிறுத்தி, எவ்வழியே அழைத்துச் செல்கிறான் என்று கவனித்தால் படத்தின் உணர்ச்சி தானே பிடிபடும்.

இப்படத்தில் கண் முதலில் நிற்பது இடப்பக்கத்து மேட்டில். மூன்று வேடர்கள் நமக்கு முதுகைக் காட்டியபடி பனியில் நடக்கிறார்கள். முகம் தெரியாவிட்டால் என்ன? குனிந்த தோள்களும், தலை தொங்க வரும் நாய்களுமே களைப்பைச் சொல்லிவிடுகின்றன. ஒருவன் தோளில் சாத்திய ஈட்டியில் தொங்குவது ஒரே ஒரு நரி. அருகிலுள்ள விடுதியின் பெயர்ப்பலகையிலோ மான் வரையப்பட்டிருக்கிறது! அந்தப் பலகையும் ஒரு கொக்கி கழன்று சாய்ந்து தொங்குகிறது.

வேடர்களை ஒட்டி, கரிய மரங்கள் வரிசையாகச் சிறுத்துக்கொண்டே சரிவில் இறங்குகின்றன. அந்தச் சாய்கோட்டைப் பற்றிக்கொண்டு கண்ணும் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. அங்கே உறைந்த குளங்களின் மீது சின்னஞ்சிறு உருவங்கள் சறுக்கி விளையாடுகின்றன. பாலத்தின் மீது ஒருத்தி விறகுச் சுமையோடு போகிறாள்.

வானமும் பனிக்கட்டியும் ஒரே நிறம். சாம்பல் கலந்த பச்சை. எனவே மேலும் கீழும் குளிரே சூழ்ந்திருப்பதாகத் தோன்றுகிறது. விடுதி வாசலில் எரியும் நெருப்பு கதகதப்பைக் காட்டுகிறது. வேடர்களோ அதன் பக்கம் திரும்பாமலே கடந்துபோகிறார்கள்.

தொலைவில் செங்குத்தான மலைகள். ப்ரூகல் வாழ்ந்த நாடோ சமவெளி. 1550-களில் இத்தாலிக்குப் போய்வந்தபோது கண்ட ஆல்ப்ஸ் மலைகளை இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். மலை உயர உயர, மனிதர்கள் சிறுத்துப்போகிறார்கள்.

இது சோகப் படமா, மகிழ்ச்சிப் படமா? வேடர்களைக் கையால் மறைத்துப் பாருங்கள். குளிர்காலக் கேளிக்கை மட்டும் மிஞ்சும். குளங்களை மறைத்தால், வெறுங்கையாய் வீடு திரும்பும் வேதனை மட்டும் மிஞ்சும். ஊருக்குச் சோறு கொண்டுவரப் போனவர்கள் இன்னும் மேட்டிலேயே இருக்கிறார்கள். கீழே ஆடுவோருக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.